எந்த ஐ5?

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் குண்டசாலையையும் பல்லேகலையையும் தாண்டினால் திகன. பெரிய நகரமில்லை, ஆனால் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அதுதான் கடைத்தெரு. இப்படியான ஊரில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு லெப்டொப் தேடிப் புறப்படும் தகப்பன், புதியதன் விலையைக் கேட்டவுடன் பாவித்ததன் பக்கம் திரும்பிவிடுகிறார். வேறு வழியும் இல்லை. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை ஏறியது; பிறகு சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. நாட்டில் ஐந்து வீடுகளுக்கு ஏறத்தாழ ஒரு வீட்டில்தான் கணினி இருக்கிறது. தோட்டப்புறத்தில் அதைவிடவும் மிகக் குறைவு. ஆகவே பாவித்த லெப்டொப்பை வாங்கித் திருத்தி விற்பவருக்கு இங்கே வாடிக்கையாளர் பஞ்சமில்லை. ஆனால் அவருடைய இலாபம் எதில் இருக்கிறது? என் கட்சி இதுதான்: இயந்திரத்தின் குறையைத் தாளில் எழுதி வாங்குபவர் கையில் கொடுக்கிறவருக்கே இந்தத் தொழிலில் இலாபம் நிலைக்கும். இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

கடையில் முதலில் எழும் கேள்வி, "ஐ5ஆ, ஐ7ஆ?" என்பது. வாங்குபவரை ஏமாற்ற இதைவிட வசதியான கேள்வி கிடையாது. இன்டெல் நிறுவனம் இந்த ஐ5 என்ற பெயரைப் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் புதிய சில்லுகளுக்கு இட்டுவந்தது. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையும் ஐ5தான், 2017இல் வந்த எட்டாம் தலைமுறையும் ஐ5தான். மெல்லிய லெப்டொப்களில் ஏழாம் தலைமுறை வரை இரண்டு கோர்கள் இருந்தன, எட்டாவதில் நான்காயின. இன்னொரு கோடும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஓ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் இயந்திரங்களை முறைப்படி ஏற்பதில்லை. அதனால் உலகெங்கும் அலுவலகங்கள் பழைய லட்டிடியூட், எலைட்புக், திங்க்பேட் வகைகளைக் கழித்துத் தள்ளுகின்றன. மலிவாகக் கிடைப்பவை அவையே. விற்பவருக்கு இவ்வளவும் தெரியும். வாங்குபவர் கண்ணில் படுவது ஸ்டிக்கர் மட்டுந்தான்.

ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத சந்தை என்ன ஆகும் என்பதை ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பாவித்த கார்களை வைத்து விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவர், இரண்டுக்கும் நடுவான ஒரு விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஒதுங்கிவிடுவார். மிஞ்சுவது கெட்டவை. அது தெரிந்ததும் விலை இன்னும் இறங்கும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. "பாவித்ததா? ஆறு மாதம் தாங்காது, விலையைக் குறை" என்று நம் சனம் சொல்வதும் இதே தருக்கந்தான். கஞ்சத்தனம் என்று அதைப் பழிக்க முடியாது. பக்கத்துக் கடைக்காரர் மறைத்ததற்கான தண்டத்தை நேர்மையான திருத்துநர் கட்டுகிறார், அவ்வளவுதான். இதற்கு மருந்தாக அக்கர்லொவ் சுட்டியவற்றுள் ஒன்று உத்தரவாதம்.

அந்த உத்தரவாதத்தோடு கொடுக்கும் தாளில் எதை எழுதுவது? முதலில் தலைமுறையும் ஆண்டும். அடுத்து பற்றரி. விண்டோஸிலேயே ஒரு கட்டளை இட்டால் அறிக்கை வந்துவிடும்: புதிதாக இருந்தபோது 50,000 மில்லிவாட் மணி, இன்று முழுதாக ஏற்றினால் 30,000 என்று காட்டினால், பற்றரியில் மிச்சம் 60 வீதம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தானே பதிந்து வைத்திருக்கும். எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதும் தாளில் வரவேண்டும். எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்கவேண்டியது பூட்டு. நிறுவனங்கள் தங்கள் லெப்டொப்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும்படி பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவை நீக்காமல் கழித்த இயந்திரத்தை ஃபோர்மெட் செய்து விண்டோஸை ஏற்றி இணையத்தில் இணைத்தால், எங்கோ உள்ள ஒரு கம்பனியின் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்கும். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். மேசையிலேயே இணையத்தில் இணைத்துப் பார்த்துவிட்டால் இது வெளிவந்துவிடும்.

"இவ்வளவும் எழுதி, உத்தரவாதமும் கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்?" என்று கேட்பார்கள். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். வாங்கித் திருத்த 60,000 ரூபா, தாளில்லாமல் விற்றால் 70,000. பத்து இயந்திரங்களில் இலாபம் ஒரு லட்சம். தாளும் ஆறு மாத உத்தரவாதமும் சேர்த்து 77,000க்கு விற்றால் ஒரு லட்சத்து 70 ஆயிரம். பத்தில் இரண்டு பழுதாகித் திரும்பி, ஒவ்வொன்றுக்கும் 15,000 செலவானாலும் ஒரு லட்சத்து 40 ஆயிரம் நிற்கும். பாதி திரும்பி வந்தால்தான் இவர் தோற்பார். பாதி திரும்பி வருமென்றால் அவர் திருத்துநரே இல்லை.

அந்த மேலதிக 7,000ஐ யார் தருவார்கள் என்பது இதைவிடக் கூர்மையான ஆட்சேபம். ஆரம்பத்தில் பலர் தரமாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். தாளைப் பொய்யாகவும் எழுதலாம். ஆனால் திரும்பி வரும் வாடிக்கையாளரை எந்தத் தாளாலும் சமாளிக்க முடியாது. திகனவின் பலம் அங்கேதான். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய லெப்டொப் பழுதானால் திகனவை அடுத்த ரஜவெல்லக்காரருக்கு ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடும். இணைய விளம்பரத்தில் வாங்கியிருந்தால் ஆளையே பிடிக்க முடியாமற் போகலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்காரர் தரும் ஆறு மாதம், கொழும்புக்காரர் தரும் ஒரு வருடத்தைவிடப் பெறுமதி கூடியது. சின்ன ஊரில் பொய்த் தாள் எழுதினவர் எத்தனை நாள் கடை திறப்பார்?

சூழலியலாளர்களின் ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாகத் தாண்ட முடியாது. பணக்கார நாடுகள் தங்கள் குப்பையை "பாவித்த பொருள்" என்ற பெயரில் நம் தலையில் கட்டுகின்றன என்கிறார்கள். 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது கால்வாசிக்கும் குறைவு. 2025 ஜனவரி முதல், நாடுகளுக்கிடையே கழிவு அனுப்புவதை ஒழுங்குபடுத்தும் பாசல் உடன்படிக்கையின்படி, அபாயமற்ற மின்னணுக் கழிவை அனுப்பவும் பெறும் நாட்டின் முன்சம்மதம் தேவை. மறுபுறம், ஒரு லெப்டொப்பால் வரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. ஆகவே ஐந்து வருடம் ஓடக்கூடியதை ஓடவிடுவது சூழலுக்கு நல்லதே. ஆறு மாதத்தில் படுத்துவிடுவதைக் கொண்டுவருவது குப்பை இறக்குமதிதான், அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஏழாம் தலைமுறை இயந்திரத்தில் திருட்டு விண்டோஸ் 11ஐத் திணிப்பதற்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றி, அப்படியென்று சொல்லியே விற்கலாம். ஸூம் வகுப்புக்கும் தட்டச்சுக்கும் அது தாராளம்.

நம்பிக்கை வேண்டியது வாங்குபவருக்கு மட்டுமில்லை, பழையதைக் கடைக்கு விற்பவருக்கும் வேண்டும். பாடசாலைகள் மூடிக்கிடந்த 2020இலும் 2021இலும் அவசரத்துக்கு வாங்கிய லெப்டொப்கள் இன்று பல அலுமாரிகளில் கிடக்கின்றன. குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் உள்ளே இருப்பதால் விற்கத் தயக்கம். நிறுவனங்களுக்கோ 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. வெறும் ஃபோர்மெட் போட்டால் பழைய ஹார்ட் டிஸ்க்கிலுள்ள கோப்புகளை மீட்டுவிடலாம். முழுவதையும் மேலெழுதவேண்டும், எஸ்.எஸ்.டி. என்றால் அதற்கென்றே உள்ள அழிப்புக் கட்டளையை இடவேண்டும். அதைச் செய்து, தொடரிலக்கத்துடன் ஒரு சான்றும் கொடுக்கும் திகனக் கடைக்குப் பல்லேகலைக் கைத்தொழில் வலயத்து அலுவலகங்களின் பழைய இயந்திரங்கள் கொழும்பைச் சுற்றாமல் நேரே வந்து சேரலாம். இடையில் நிற்கும் வியாபாரிகளின் தரகுக் காசும் மிஞ்சும்.