தலைத்துணியும் பாடசாலை விதியும்

  

தமிழ் பேசும் மக்கள் என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். அச்சொல்லுக்குள் முஸ்லிம்களும் அடங்குவர் என்று கூறியே வாக்கும் கேட்கின்றோம். ஆனால் 2018 ஏப்ரலில், திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது நம்மவர் செய்தது என்ன? சேலையே வேண்டும் என்று வாசலில் நின்று கோஷமிட்டனர். ஆசிரியைகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர். பின்னர் மனித உரிமைகள் ஆணைக்குழு, நியாயம் ஆசிரியைகளின் பக்கமே என்று கண்டது.

நம்மவரின் மனக்குறையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஊரார் பிடியரிசி சேர்த்துக் கட்டிய சைவப் பாடசாலைகள் பலவற்றை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு எடுத்துக்கொண்டது. எஞ்சியது மரபு ஒன்றே. அதுவும் போய்விடுமோ என்ற அச்சம் மெய்யானது. ஆயினும் அரசாங்கப் பாடசாலை அரசியல் யாப்புக்குக் கட்டுப்பட்டதன்றோ? 1978ஆம் ஆண்டு யாப்பின் 14ஆம் உறுப்புரை, மதத்தை அனுட்டானத்திலும் வெளிக்காட்டும் சுதந்திரத்தைப் பிரசைகளுக்குத் தருகின்றது. அதனை மட்டுப்படுத்தலாம், ஆனால் 15ஆம் உறுப்புரை கூறும் காரணங்களுக்காக, சட்டத்தினால் மட்டுமே. அதிபரின் விருப்பமோ பழைய மாணவர் சங்கத்தின் தீர்மானமோ சட்டமாகாது.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பேர்மிங்ஹாம் நகரில் ஒரு தனியார் பாடசாலை. தலைப்பாகையைக் கழற்றி, முடியையும் வெட்டினாலன்றிச் சீக்கியச் சிறுவனைச் சேர்க்க இயலாது என்றார் தலைமையாசிரியர். தமது பாடசாலை கிறிஸ்தவப் பாடசாலை என்பது அவர் கூறிய காரணம். (இந்த நியாயத்தை நாம் வேறெங்கோ கேட்டதுபோல் இல்லையா?) கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவருக்குச் சார்பாகத் தீர்த்தன. 1983இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பைப் புரட்டியது. தலைப்பாகையைக் கையால் கழற்ற எவராலும் முடியும். ஆனால் தன் மரபுக்கு மாறின்றி அவனால் கழற்ற முடியுமா என்பதே கேள்வி என்றனர் நீதியரசர்கள். திருநீறு பூசிய நம் பிள்ளையை நாளை ஏதேனும் ஒரு பாடசாலை வாசலில் மறித்தால், நாமும் இதே வாதத்தைத்தான் நீதிமன்றில் எடுத்துரைப்போம்.

விதியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. 2024இல் திருகோணமலை ஸாஹிறா கல்லூரி மாணவியர் 70 பேரின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காதை மறைத்திருந்தனர் என்பது குற்றச்சாட்டு. காதில் கருவி பொருத்தி விடை கேட்பதைத் தடுக்க வேண்டியதே. அதற்கு ஒரு பெண் அலுவலர், மண்டபத்துக்குள் நுழையுமுன் தனியிடத்தில் இரண்டு நிமிடம் சோதித்தால் போதாதா? பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கண்விழித்துப் படித்த படிப்பையா பணயம் வைப்பது? அப்பெறுபேறுகள் பின்னர் வெளியிடப்பட்டன. அதுவரை அப்பெற்றோர் பட்ட பாட்டை, தரப்படுத்தலின் கொடுமையை அனுபவித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, அடுத்த தவணை தொடங்குமுன் உங்கள் ஊர்ப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். உடை பற்றிய விதி எழுத்தில் உண்டா, எந்தச் சட்டத்தின் கீழ் என்று அதிபரிடம் கேளுங்கள். முஸ்லிம் பெற்றோரையும் அழைத்து அருகில் இருத்திக்கொண்டு கேளுங்கள். கடிதமாகக் கொடுக்க விரும்புவோருக்கு மாதிரி ஒன்றை நாம் எழுதி வைத்துள்ளோம். கூட்டம் முடிந்ததும் பெற்றுச் செல்லலாம்.