சாந்தில்லாச் சுவர்



கல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் இது. திண்டு போற் கிடக்கும் கல், ஆதலின் திண்டுக்கல். அக்கல்லின்மேல் 1605-ஆம் ஆண்டில் மதுரை நாயக்கர் முத்துகிருட்டிணப்பர் கோட்டை எழுப்பினார் என்பதையும், பின்னர் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரும் அதனைக் கைக்கொண்டனர் என்பதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அரசன் எழுப்பிய மதிலுக்கு வரலாறு உண்டு, காவல் உண்டு, நுழைவுக் கட்டணமும் உண்டு. உழவன் எழுப்பிய சுவருக்கு என்ன உண்டு? அதுபற்றியே பேச வந்தேன்.

சிறுமலை அடிவாரத்திலும் ஆத்தூர், நத்தம், வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளிலும் மேலே சிறிது செம்மண், கீழே சரளை, அதற்குக் கீழே பாறை. கொழு கல்லில் இடறாமல் ஒரு சால் ஓட்டுவது அரிது. உழும்போது பொறுக்கிய கல்லையும், கிணறு வெட்டியபோது உடைத்தெடுத்த கல்லையும் நம் முன்னோர் வாளா எறிந்துவிடவில்லை. வரப்பாக, வேலியாக, கிணற்றின் உட்கட்டாக அடுக்கினர். மண்சாந்தும் இல்லை, சுண்ணமும் இல்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்தியது.

இஃது எளிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். மேல்மண்ணை அகற்றிக் கெட்டி நிலம் காணும்வரை தோண்ட வேண்டும். பெருங்கல் அடியில் அமரும். கல்லின் நீளம் சுவரின் உள்ளே செல்ல வேண்டும். முகம் அழகாயிருக்கிறதென்று நீளவாட்டில் வெளியே காட்டி வைப்பவன் அரைகுறை வேலைக்காரன், அவன் சுவர் விரைவிற் பிதுங்கும். கீழிரு கற்களின் இடுக்குக்கு நேர்மேலே மற்றோர் இடுக்கு வரலாகாது. இருபுற முகங்களுக்கும் நடுவே சிறுகற்களை இறுக்கமாக நிரப்ப வேண்டும். மண்ணை நிரப்பினால் மழையில் கரைந்துபோம். இடையிடையே ஒரு நெடுங்கல் இருமுகங்களையும் பிணைக்கும். உயர உயரச் சுவர் உள்நோக்கிச் சாயும். உச்சியில் எடை மிகுந்த பலகைக்கல்.

மழைநீர் இச்சுவரின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். மண் உள்ளேயே தங்கும். பைஞ்சுதையாற் பூசி மூடிய தடுப்புச்சுவரோ, கசிவுத்துளை விடாவிடில், பின்னே தேங்கும் நீரின் அழுத்தத்தால் வயிறு பருத்து வெடிக்கும். கிணற்றிலும் அவ்வாறே: ஊற்றுநீர் உள்ளே வர வழி வேண்டும் என்பதற்காகவே கட்டில் சாந்தை விலக்கினர். ஓணானும் அரணையும் கீரியும் அவ்விடுக்குகளிற் குடியிருக்கும். (பாம்பும் இருக்கும் என்பீர்கள். எலியைத் தின்பது யார்?)

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. இதே மாவட்டத்துப் பழனிமலைகளில் சாந்தின்றி நிற்கும் கல்திட்டைகளைப் பற்றி 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை தனி நூலே வெளியிட்டது. ஈழத்து நெடுந்தீவில் பவளப்பாறைக் கற்களை வெறுமனே அடுக்கிய வேலிகள் வீட்டையும் வயலையும் இன்றும் சூழ்ந்து நிற்கின்றன. கிரேக்கம், இத்தாலி, பிரான்சு, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எட்டு நாடுகளின் சாந்தில்லாக் கற்கட்டுக் கலையை 2018-இல் யுனெசுகோ மாந்தகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் கேட்டார்கள், பெற்றார்கள். நாமோ, பாட்டன் அடுக்கிய வரப்பை மண்வாரிப் பொறியால் தள்ளி, கல்லை அரைவை ஆலைக்கு ஏற்றிவிட்டு, அவ்விடத்தில் பைஞ்சுதைத் தூண் நட்டு முட்கம்பி இழுக்கிறோம்!

சுவரோடு சொல்லும் போயிற்று. மதில், எயில், இஞ்சி, புரிசை, ஆரை, நொச்சி என்று இத்தனை சொற்கள் படைத்த மொழியில், இன்று ‘காம்பவுண்டு’ ஒன்றே வாயில் வருகிறது. இஞ்சி என்றால் காய்கறிக் கடையைத்தான் நினைக்கிறான் நம் பிள்ளை.

உங்கள் ஊரில் கல்லடுக்கத் தெரிந்த முதியவர் ஒருவரேனும் இருப்பார். ஒவ்வொரு வகைக் கல்லுக்கும் அவர் வாயில் ஒரு பெயர் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். சென்ற மழையில் சரிந்த வரப்பின் கற்கள் அங்கேயே கிடக்கின்றன, விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு முன்னர் அவரை அழைத்து நிழலில் அமர்த்துங்கள். அவர் சொல்லச் சொல்ல, இளைஞர்கள் அடுக்கட்டும்.