ஒட்டுவதும் ஒட்டாததும்

பெங்களூரில், ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் வெளிச்சுவருக்குச் சென்ற மழைக்காலத்தில் வர்ணம் பூசுவித்தேன். இரண்டே திங்களில் அது அப்பளம்போல் உப்பி உதிர்ந்துவிட்டது. "ஈரச் சுவரில் வர்ணம் நிற்காது, வெயில் காயட்டும் என்று அன்றே சொன்னேனே, ஐயா" என்றார், பூசிய பெரியவர். அவர் கூற்று உண்மையே. சுவருக்கும் வர்ணத்துக்கும் இடையே நீர் நின்றால் ஒன்றையொன்று பற்றாது.

ஆயினும், நீருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் உயிர் ஒன்று உண்டு. அதுவே ஆளி என்னும் கடற்சிப்பி. ஓயாது அலை மோதும் பாறையில் மெல்லிய நார்களை ஊன்றி அது நிலைத்து நிற்கிறது. அதன் பசைப் புரதத்தில் 'டோபா' என்னும் பொருள் மிகுந்திருப்பதை, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் வெயிட் எடுத்துக்காட்டினார். பாறையின் மேலுள்ள நீர்ப்படலத்தை விலக்கி, பாறையையே பற்றிக்கொள்ள உதவுவது அது.

2007-இல் பிலிப் மெஸ்ஸர்ஸ்மித் குழுவினர், டோபாவுக்கு நெருங்கிய உறவான டோபமைனைச் சற்றே காரத்தன்மையுள்ள நீரில் கரைத்து, அதில் பல பொருள்களை அமிழ்த்தி வைத்தனர். காற்றின் பிராணவாயு பட்டதும் அது தானே பிணைந்து, பாலிமர் என்னும் பலபடிச் சேர்மமாகி, ஒரே நாளில் 50 நானோமீட்டர் வரை தடித்த படலமாகப் படிந்தது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஒரு கூறு. கண்ணாடி, உலோகம் மட்டுமன்றி, எதுவும் எளிதில் ஒட்டாத டெஃப்லான் மீதும் அப்படலம் படிந்தது.

இதற்கு நேர்மாறானது தாமரை இலை. அதன்மேல் கண்ணுக்குப் புலப்படாத மேடுகளும், அவற்றின்மீது நுண்ணிய மெழுகுத் துகள்களும் உள்ளன. ஆகவே நீர்த்துளி பரவாமல் உருண்டோடி, தூசியையும் வாரிச் செல்கிறது. ஜெர்மானிய அறிஞர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிசும் 1997-இல் இதனை விரிவாக விளக்கினர். 1999-இல் அந்நாட்டில் இப்பாடத்தைக் கொண்டு வெளிச்சுவர் வர்ணமே விற்பனைக்கு வந்தது.

இவ்விரண்டில் எது நமக்கு வேண்டும்? இரண்டுமே வேண்டும். நோயாளியின் உடலில் செலுத்தும் குழாயில் கிருமிகள் ஒட்டலாகாது. ஆனால் கிருமிகளை விலக்கும் அப்பூச்சு, குழாயை உறுதியாகப் பற்றியிருக்க வேண்டும். டோபமைன் படலத்தை அடித்தளமாக்கி, அதன்மேல் உயிரணுக்களை ஒட்டவிடாத மற்றொரு பாலிமரைப் பிணைக்க இயலும் என்பதை 2007 ஆய்வே காட்டிற்று. ஒட்டாமையும் ஓர் ஒட்டுதலின்மேல்தான் நிற்கிறது.

அயல் மாநிலத்தில் வாழும் நாம், நம் வாழ்வைத் தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்வதுண்டு. நானும் அவ்வாறே பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். மொழிபெயர்ப்பாளன் என்று பெயர். தெருமுனைக் கன்னடப் பலகையைப் படிக்க மட்டும் பிறர் துணை வேண்டியிருந்தது. அதில் பெருமை ஏதுமில்லை என்பதை இப்போது உணர்கிறேன். இவ்வாண்டு கன்னட எழுத்துகளைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். அதனால் என் தமிழ் ஓர் எழுத்தும் குறையவில்லை.

சுவருக்கு, வெயில் நன்கு காய்ந்தபின், மீண்டும் வர்ணம் பூசுவோம்.