அறக்கொடையும் முதியோர் மதிப்பும்: இரு ஸ்காட்லாந்து நகரங்களின் அனுபவம்
(உரையின் எழுத்து வடிவம்)

முதியோரையும் வறியோரையும் பேணுவது அரசின் கடமை என்ற கொள்கை வேரூன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஸ்காட்லாந்தின் நகரங்களில் தனியார் அறக்கொடைகள் அப்பொறுப்பில் ஒரு பங்கினை ஏற்றிருந்தன. அவற்றுள் இரண்டின் வரலாறு, நலத்திட்டங்களை வகுப்போர் கருத்தில் கொள்ளத்தக்கது.

ஸ்டெர்லிங் நகரின் பெருவணிகர் ஜான் கோவன் 1633ஆம் ஆண்டு காலமானார். நொடித்துப்போன வணிகர் சங்க உறுப்பினர்களைப் பேணும் பொருட்டு 40,000 மெர்க் நாணயங்களை அவர் விட்டுச் சென்றார். ஒரு மெர்க் என்பது ஸ்காட்லாந்து பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. 1637 முதல் 1649 வரை எழுப்பப்பட்ட அறவிடுதியின் வாயில் மேல் கொடையாளரின் சிலையும் நிறுவப்பட்டது. கட்டடம் எழிலுடன் அமைந்தது; ஆயினும் அங்கு வந்து தங்க விரும்பியோர் சிலரே. ஒரு காலத்தில் வளமாக வாழ்ந்தவர்கள், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, ஊரறிய வறியோராக வாழத் தயங்கினர். எனவே நிதி பெரும்பாலும் உதவித்தொகையாக அவரவர் இல்லத்திற்கே சென்றது. விடுதியோ வணிகர் சங்க மண்டபமாக மாறியது.

அடுத்தது பழைய அபர்டீன். 1891 வரை அது தனி நகராட்சியாக விளங்கியது. 1801இல் டேவிட் மிட்செல் என்பவர் அங்கு ஓர் அறவிடுதியை நிறுவினார். நகர உரிமை பெற்ற வணிகர், கைவினைஞர் குடும்பங்களைச் சேர்ந்த விதவையர் ஐவரும் மணமாகாத மகளிர் ஐவரும் தங்குவதற்கென அது அமைந்தது. மாடியின்றித் தரைத்தளத்துடன் மட்டுமே கட்டப்பட்ட எளிய விடுதி அது. பிற்காலத்தில் அது தனித்தனிக் குடில்களாக மாற்றப்பட்டது. தனக்கென ஒரு கதவும் ஓர் அடுப்பும் இருத்தல் முதியோர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

எனினும், இவ்வறங்களின் எல்லையையும் மறத்தலாகாது. சங்க உறுப்பினரும் நகர உரிமை பெற்றோர் குடும்பத்தினருமே இவற்றின் பயனைப் பெற்றனர். அன்றாடக் கூலியாளும் வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவரும் இவ்வட்டத்திற்குள் வரவில்லை. தேவை மிகுந்தோர்க்கு உரிமை இல்லை. உரிமை உடையோருள்ளும் பலர் விடுதியை நாடவில்லை. 1845ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வட்டார வாரியங்களை ஏற்படுத்தியது. ஆயினும் உடல்வலிமை உடைய வேலையற்றோர்க்கு அது உரிமை வழங்கவில்லை. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1909 சனவரி முதல் எழுபது வயது நிறைந்த, வருவாய் குறைந்த முதியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் கிடைத்தது. பழைய ஏழையர் சட்டமுறை 1948இல் முற்றிலும் நீங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினைகள் மூன்று. முதலாவது, கட்டடம் எழுப்புதல் மட்டுமே நலப்பணி ஆகாது; அதனைப் பயன்படுத்த வேண்டியவரின் மனநிலையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். இரண்டாவது, நிலையான நிதியும் காலத்திற்கேற்ப வழங்கும் முறையை மாற்றிக்கொள்ளும் நெகிழ்ச்சியும் சேர்ந்திருந்தால், ஓர் அறக்கொடை அதன் கட்டடம் பயன்படாத நிலையிலும் பயன் தரும். மூன்றாவது, பயனாளிகளை வரையறுக்கும் ஒவ்வொரு விதியும் சிலரை உள்ளே சேர்ப்பதோடு, சிலரை வெளியே நிறுத்தவும் செய்கிறது. வெளியே நிற்போர் யாவர் என்பதைத் திட்டம் தீட்டும்போதே ஆராய்தல் வேண்டும்.

கொடுப்போரின் பெருமை கல்லில் நிலைக்கலாம். ஆனால் பெறுவோர் தலைநிமிர்ந்து வாழ்கின்றனரா என்பதே ஒரு நலத்திட்டத்தின் உண்மையான அளவுகோலாகும்.