கடிதம் கைக்கு வராவிட்டால் காசும் வராது

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் மாதர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை)



எங்கள் டிவிசனில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு 24 வயதில் ஒரு மகன். பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது. அவனுக்கு மாதாமாதம் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு மாதம் நின்றது. அடுத்த மாதமும் இல்லை. "அரசாங்கத்தில் காசு இல்லையாம்" என்று லயத்தில் யாரோ சொன்னதை அக்காவும் நம்பிவிட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. விபரங்களை மீண்டும் உறுதிப்படுத்த வரும்படி கடிதம் வந்திருக்கிறது. அது தோட்டக் காரியாலயத்தில் மற்றத் தபால்களோடு மூன்று கிழமை கிடந்திருக்கிறது. கைக்கு வந்தபோது திகதி கடந்துவிட்டது. அந்தக் கொடுப்பனவைத் திரும்பப் பெற ஏழு மாதம் அலைந்தார். அலைந்த ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் போனது. அரசாங்கக் காசும் இல்லை, நாட்சம்பளமும் இல்லை.

தோழர்களே, இது யாரும் போடும் பிச்சை அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்த 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. பத்தாயிரம் ரூபா நம் லயத்துக் குடும்பத்துக்குச் சின்னக் காசல்ல.

விண்ணப்பிப்பது எப்படி? முதலில் கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போங்கள். அரசாங்க வைத்தியசாலை வைத்தியரிடம் சான்றிதழ் எடுங்கள். தோட்ட டிஸ்பென்சரித் துண்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். "நடக்க முடியாது" என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், தானாகக் குளிக்க முடியுமா, சாப்பிட முடியுமா, எந்நேரமும் ஆள் துணை வேண்டுமா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நட்டம் நமக்குத்தான்.

நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் இன்னொன்று. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார், அதனால் நாம் இரண்டு மூன்று ஆட்களாகிவிட்டோம். விண்ணப்பம் போடும் முன்பே எல்லாப் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைக்கு இன்றே அந்த வேலையைத் தொடங்குங்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் எல்லாக் கதவிலும் நிற்க வைப்பார்கள்.

சிங்களத்தில் படிவம் தந்தால் வாசிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே நமக்கு உரிமை தந்திருக்கிறது. மரியாதையாக, ஆனால் பயப்படாமல் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் போட்டோ கொப்பி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கொடுத்த திகதியையும் வாங்கிய உத்தியோகத்தரின் பதவியையும் அதிலேயே குறித்து வையுங்கள்.

"பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது" என்று பதில் வரலாம். அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பட்டியலில் எத்தனையாவது இடம், என்ன அடிப்படையில் தெரிவு செய்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். நிராகரித்தாலோ நிறுத்தினாலோ காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணம் கையில் இருந்தால்தான் மேன்முறையீடு செய்ய முடியும்.

இன்னொரு விஷயம். கொடுப்பனவு வேறு, நட்டஈடு வேறு. தொழிற்சாலை மெசினில் கை சிக்கினால், மலையில் வேலை நேரத்தில் விழுந்து முதுகு போனால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். அது முதலாளி தர வேண்டியது. விபத்து நடந்த அன்றே தோட்டத்தில் பதியச் சொல்லுங்கள், அன்றே சங்கத்துக்கும் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று யார் எழுதச் சொன்னாலும் எழுதாதீர்கள். நிரந்தரமாகவே வேலை செய்ய முடியாது என்று வைத்தியச் சான்றோடு விலகுபவர், ஊழியர் சேமலாப நிதியைப் பெற ஆண் 55, பெண் 50 வயது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கிடைத்ததைக் காப்பாற்றுவதும் ஒரு வேலைதான். வேறு தோட்டத்துக்குக் குடி போனால் இரண்டு பிரதேச செயலகங்களுக்கும் அறிவியுங்கள். வங்கிப் புத்தகம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கடைக்கணக்குக்கு ஈடாக அதைக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் காசு வராவிட்டால் அடுத்த மாதம் வரும் என்று இருக்காதீர்கள். அந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்.

கடைசியாகக் கடித விஷயம். லயத்துக்கு இலக்கமும் முகவரியும் இல்லாத குறைக்கு நாம் காசு இழக்கிறோம். அந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. அதுவரைக்கும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, கிழமைக்கு இரண்டு நாள் ஒருவர் காரியாலயத்துக்குப் போய்த் தபாலை எடுத்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். இரண்டு, ஒரு கொப்பி போட வேண்டும். தோட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் யார், விண்ணப்பித்தவர் யார், கிடைப்பவர் யார், நின்றுபோனது யாருக்கு என்று அதில் எழுதுங்கள். பிறகு ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போவோம். தனியாக ஒரு தாய் போனால் நாளை வா என்பார்கள். இருபது பேர் கொப்பியோடு போனால் கதிரை போடுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்துக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். நான் முதலில் எங்கள் டிவிசன் கொப்பியைக் காட்டுகிறேன். அதில் முதல் பெயர் அந்த அக்காவின் மகனுடையது.