பெயர்ப் பலகை இல்லாத ரேடியோ

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசப்பா" என்றார் செயலாளர். என் பொழுதுபோக்கு வால்வு ரேடியோ. அதில் எங்களிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

சாத்தாங்காடு என்றதும் உங்களில் பலருக்கு இரும்பு மார்க்கெட் ஞாபகம் வரும். அங்கே குடியிருக்கும் ஓர் அம்மா, காலமான தன் கணவரின் ரேடியோவைக் காட்டி, "இது என்ன கம்பெனின்னு மட்டும் சொல்லுப்பா" என்றார். மரப்பெட்டி, முன்னால் துணி, கண்ணாடி டயல். பெயர் இல்லை, பின்மூடி இல்லை, மாடல் நம்பரும் இல்லை. பழைய சாமான் வாங்கும் ஒருவர், "மர்பின்னு ஒரு பேட்ஜ் ஒட்டிட்டா நல்ல விலை வரும்" என்று சொல்லிப் போயிருந்தார். அம்மாவுக்குப் பணம் தேவைதான். ஆனால் பொய்ப் பெயரில் விற்க மனசு வரவில்லை.

மெட்ராஸில் ரேடியோ என்பதே ஆர்வலர்கள் கூடி உண்டாக்கியது. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டே ஒலிபரப்பும் நடந்தது. அகில இந்திய வானொலியின் மெட்ராஸ் நிலையம் வந்ததோ 1938-ல்தான். அந்த வழக்கப்படி நானும் மூன்று பேரைக் கூட்டு சேர்த்தேன். ஒருவர், ராயபுரத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர். அடுத்தவர் ஹாம் லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர். மூன்றாமவர் கோவையில் ரேடியோ சேகரிக்கும் அண்ணன். அவருக்குப் படங்களை அனுப்பினேன்.

முதல் நாள் மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள்: மர்பி, பிலிப்ஸ், புஷ்! பெரியவர் சிரித்துவிட்டு, "மூஞ்சியைப் பார்த்துச் சொல்லாதீங்க தம்பி, வயித்தைத் திறந்து பாருங்க" என்றார்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ரேடியோ கையில் கிடைத்ததும் கரண்டில் சொருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பேப்பர் கண்டன்சர்கள் காலப்போக்கில் கசியும். அதனால் அவுட்புட் வால்வில் கரண்ட் ஏறி, டிரான்ஸ்பார்மரே கருகிப்போகலாம். பழுது பார்த்த பிறகும் முதல் சோதனை சீரியஸ் பல்பு போட்டுத்தான்.

முதல் சாட்சி வால்வுகள். இசிஎச்81, இபிஎஃப்89, இஎல்84, இஇசட்80 என்று நான்கு. இது ஐரோப்பியக் குறியீடு. முதல் எழுத்து 'இ' என்றால் ஹீட்டர் 6.3 வோல்ட். 'சி' ட்ரையோடு, 'எச்' ஹெப்டோடு, 'எல்' அவுட்புட் பென்டோடு, 'இசட்' ரெக்டிபையர். எண் 8-ல் தொடங்கினால் ஒன்பது ஊசி நோவல் பேஸ். இந்த வகை வால்வுகள் 1950-களில்தான் பரவலாயின. எனவே ரேடியோ அதற்கு முந்தியது அல்ல. இஎல்84-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை இருந்தது. ஆனால் வால்வு நடுவில் மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே வயதுக்கு அதைச் சாட்சியாக எடுக்கவில்லை.

இரண்டாவது சாட்சி டயல். மெட்ராஸ், டெல்லியோடு சிலோன் என்றும் அச்சிட்டிருந்தது. 1972-ல் அந்த நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. ஆகவே கண்ணாடி அதற்கு முந்தியது என்று கொள்ளலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பெட்டியில் குமிழுக்கு நான்கு துளை. சேசிஸில் இருந்ததோ மூன்று தண்டு. நான்காவது துளையை மரத்துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். சேசிஸ் துளைகளின் ஓரத்தில் அரம் போட்ட தடம். காயில் பேக், கடையில் தனியாக விற்கும் ரெடிமேட் சாமான். ஆனால் சால்டரிங் ஒவ்வொன்றும் மணி மணியாக இருந்தது. "இது கம்பெனி செட்டே இல்லை. யாரோ நம்ம ஊர் ஆள் அசெம்பிள் பண்ணினது. பெட்டி ஒண்ணு, உள்ளே வேற" என்றார் பெரியவர்.

இதைச் சொன்னதும் அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தார். ரேடியோ லைசென்ஸ் புத்தகம்! ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 1980-களில் அது ரத்தானது. அதில் முதல் முத்திரை 1963. ரேடியோ விவரம் எழுதும் இடத்தில் கையால் எழுதியிருந்த சொல்: 'அசெம்பிள்டு'.

நாங்கள் ஓர் அட்டையில் எழுதினோம்: "உள்ளூரில் அசெம்பிள் செய்தது. 1950-களுக்கு முந்தியதல்ல, 1963-ல் உபயோகத்தில் இருந்தது. பெட்டி வேறு செட்டுடையது. செய்தவர் பெயர் தெரியவில்லை." இந்த அட்டையோடு விற்றால் மர்பி விலை வராது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். "குறைஞ்சா குறையட்டும்" என்றார் அம்மா. கோவை அண்ணனே அட்டையோடு வாங்கிக்கொண்டார். "கம்பெனி செட்டுக்குக் கேட்லாக் இருக்கு, இந்த மாதிரி கைவேலைக்கு இந்த அட்டைதானே இருக்கு" என்றார். ஒரு பேட்ஜ் ஒட்டியிருந்தால் அந்தக் கைவேலைக்காரன் அன்றே மறைந்திருப்பான்.

தம்பி தங்கைகளே, நாளை பிளாண்டில் பெயர்ப் பலகை உதிர்ந்த பம்பும் மோட்டாரும் உங்களுக்கும் வரும். தெரிந்ததை எழுதுங்கள், ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள், தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். இங்கே வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பரணில் பழைய லைசென்ஸ் புத்தகமோ கடை பில்லோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம்.