நாவில் நிலைக்கும் திரைமொழி



இன்று தமிழர் இருவர் சிறிது நேரம் உரையாடினால், இடையே திரைப்படத் தொடர் ஒன்று வந்து விழாதிருத்தல் அரிது. கடைத்தெருவிலும் பேருந்திலும், தந்தையும் மகனும் பேசும் வீட்டிலும் அது வழங்குகின்றது. புலவர் சிலர் இதற்கு முகஞ்சுளிப்பர். பழமொழி இருந்த இடத்தைத் திரைமொழி பற்றிக்கொண்டதே என வருந்துவர். வருந்துமுன் ஆராய்தல் வேண்டும்.

தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் வகுத்துள்ளார். நுட்பமும் சுருக்கமும் தெளிவும் மென்மையும் உடையதாய், கருதிய பொருளைக் கரணியங்காட்டி முடித்தற்கு வருவது முதுமொழி என்பது அவர் கருத்து. மக்கள் நாவில் நின்ற திரைத்தொடர்களை இவ்வுரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்.

1989-இல் வந்த ‘கரகாட்டக்கார’னில், இரண்டு வாழைப்பழம் வாங்கிவரக் காசு கொடுத்த கவுண்டமணி, வந்தது ஒன்றே எனக் கண்டு, மற்றொன்று எங்கே என வினவுகின்றார். ‘அதுதாண்ணே இது’ என்பது செந்திலின் விடை. சொன்னதையே சொல்லிச் சாதிப்பவனைக் கண்டால் இன்றும் மக்கள் இத்தொடரையே சொல்கின்றனர். இதில் அயற்சொல் ஒன்றேனும் உண்டா? அகரம் சேய்மைச்சுட்டு, இகரம் அண்மைச்சுட்டு. எதிரெதிர் நிற்கும் அவ்விரண்டையும் ‘தான்’ என்னும் தேற்றச்சொல் ஒன்றாக்கிவிடுகின்றது. நகை பிறப்பது அங்கேதான். சுட்டெழுத்தை இதனினும் எளிதாக எவ்வகுப்பிற் கற்பிக்க இயலும்?

2001-இல் வந்த ‘பிரண்ட்சு’ என்னும் படத்தின் பெயர் ஆங்கிலம். ஆயினும் அதிலிருந்து மக்கள் எடுத்துக்கொண்டவை வடிவேலுவின் ஆணியும் சுத்தியலுமே. வேண்டாத வேலை செய்பவனை ‘ஆணியே புடுங்க வேண்டாம்’ எனத் தடுப்பது உலகவழக்காயிற்று. 18 ஆண்டு கழித்து, 2019 மே திங்களில், சுத்தியலின் படத்தைக் காட்டி, ‘உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன?’ என அயல்நாட்டார் இணையத்தில் வினவினர். தமிழர் ஒருவர் ‘சுத்தியல்’ எனத் தமிழ்ப்பெயரைச் சொல்லி, அது நேசமணியின் தலையைப் பதம்பார்த்த கதையையும் சேர்த்துச் சொன்னார். அப்பேச்சு உலகெங்கும் பரவிற்று. ஆணை பிறப்பித்தோ பரிசளித்தோ பரப்பியதன்று அது. நாவில் இருந்தமையால் தானே வெளிவந்தது.

இத்திரைமொழிக்கு நெடிய வரலாறு உண்டு. பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் வடசொல் மிக்க நடையே திரையில் ஆட்சி செலுத்திற்று. 1949-இல் அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’யும், 1952-இல் கலைஞரின் ‘பராசக்தி’யும் அந்நிலையை மாற்றின. சட்டத்தை இருட்டறையாகவும் வழக்குரைஞர் சொல்லை விளக்காகவும் அண்ணா உருவகஞ்செய்தது, இன்றும் வழக்குமன்ற வாயிலில் எடுத்தாளப்படுகின்றது. எழுத்தறியாதவரும் உரையாடலைக் கேட்டே நெட்டுருச் செய்தனர்.

ஆனால், நா நல்லதை மட்டும் பற்றுவதன்று. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் சிவாசி கணேசன் முழங்கிய வீரவுரையைச் சிறுவர் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிமேடையில் முழங்கி வருகின்றனர். அவ்வுரையில் ‘வரி’ என்னும் தமிழ்ச்சொல்லோடு, அரபுவழி வந்த ‘கிஸ்தி’யும் நிற்கின்றது. வெள்ளையன் கேட்ட சொல்லையே கட்டபொம்மன் திருப்பி எறிந்தான் எனக் கொண்டால் அது பொருந்தும். ஆயினும் உணர்ச்சியோடு வரும் சொல், ஊர் எது என வினவப்படாமலே நாவில் குடியேறிவிடும் என்பதற்கு அதுவே சான்று. கட்டபொம்மன் வாயிலாகக் ‘கிஸ்தி’ நின்றது போலவே, இன்று திரையில் ஒலிக்கும் ஆங்கிலக் கலவையும் பிள்ளைகள் நாவில் நின்றுவிடும்.

ஆகவே, பழிக்கத்தக்கது மக்கள் நாவன்று. அது தமிழைத் தந்தால் தமிழைப் பேணும். கலவையைத் தந்தால் கலவையைப் பேணும். திரைக்கு உரையாடல் எழுதுவோர், பள்ளி வாயிலை மிதியாதவர்க்கும் ஆசிரியர் என்பதை உணர்தல் வேண்டும். வகுப்பில் மாணவன் ஒரு திரைத்தொடரைச் சொன்னால், ஆசிரியர் அவனை அதட்டாது, அதற்கு இணையான பழமொழி ஒன்றை அருகில் வைத்துக் காட்டட்டும். இரண்டும் ஒருதாய் மக்கள் என்பதை அவனே காண்பான்.

வாழ்க தமிழ்!